கீரிமலைப் பக்கம் ஓர் அலுவல்

எங்கள் ஐயா கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போனபோது அடுப்பையும் ஏற்றிக்கொண்டு போனார். மூன்று அடுப்புக் கற்கள், ஒரு சாக்குத் தேங்காய்ப் பொச்சுமட்டை, ஒரு கட்டுப் பனைமட்டை, அரிசி, பருப்பு, பூசணிக்காய், தேங்காய், ஒரு குலை வாழைப்பழம், அம்மாவின் ஊதுகுழல். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் கடற்கரையில் பொங்கலா என்று கேட்கிறார்கள். பொங்கலுமில்லை, பூசையுமில்லை. அம்மாவுக்குப் புகையிலிருந்து விடுதலை கொடுக்கத்தான் போனோம்.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டு, சித்திரை வருடப் பிறப்புக் கழிந்த விடுமுறை. ஆடிக் கலவரத்துக்கு முந்திய காலம். ரயில் நேரத்துக்கு ஓடியது, சனமும் நினைத்த இடத்துக்குப் போய்வந்தது. கோப்பாயில் எங்களுக்குத் தோட்டம். அந்தப் போகம் புகையிலை நன்றாக வாய்த்திருந்தது. புகையிலை வாய்த்தால் வளவு முழுக்கப் புகைதான். குடிலுக்குள் இலையைக் கட்டித் தொங்கவிட்டுக் கீழே பொச்சுமட்டையை மூட்டிப் புகை போடுவார்கள். அது ஒரு பக்கம். மறு பக்கம் குசினிக்குள் அம்மா. வேலையாட்களுக்கும் சேர்த்து ஒரு பெரிய பானை எந்த நேரமும் அடுப்பில் இருக்கும். தை மாதம் பிடித்த இருமல் சித்திரை வந்தும் அவளை விடவில்லை. அவள் இருமத் தொடங்கினால் அடுத்த வளவு நாயும் சேர்ந்து குரைக்கும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு ஐயாவிடம் சொன்னார். "புகை கூடாது. கொஞ்ச நாளைக்கு அடுப்படிக்குப் போகாமல், கடல் காத்துப் படுற இடமாப் பார்த்து இருக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி இது லேசிலை விடாது."

இந்த வாக்கியத்தில் 'கடல் காத்து' என்ற இரண்டு சொற்கள்தான் ஐயாவின் காதில் ஏறின. மற்றவையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே உதிர்ந்துவிட்டன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னாள். "எனக்குக் கடல் காத்தும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். ஆராவது வைச்சுத் தந்த சோத்தை நாலு நாள் இருந்து சாப்பிட்டனெண்டால் இருமல் தன்ரை பாட்டிலை நிண்டிடும்."

ஐயா சிரித்தார். அம்மா பகிடி விடுகிறாள் என்று நினைத்துவிட்டார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பகிடி விடவில்லை.

வீட்டில் நான் ஒரே பிள்ளை, பன்னிரண்டு வயது. எனக்குத் தேத்தண்ணி போடத் தெரியும் என்று நான் சொல்லிக்கொள்வேன். குடித்தவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். என்னைக் குசினிக்குள் விட்டால் வேலை இரண்டு மடங்கு என்று அம்மா தீர்மானித்து வைத்திருந்தாள். ஆகையால் அந்தப் பக்கத்தாலும் அவளுக்கு உதவி கிடையாது.

இடம் பார்க்க ஐயா சைக்கிளில் போனார். எங்கள் பக்கத்துச் சைவச் சனத்துக்குக் கடல் என்றால் கீரிமலை, கீரிமலை என்றால் கிரியை. கடலை ஒட்டி நல்ல தண்ணீர் ஊறும் கேணி அங்கே இருக்கிறது. அதில் குளிக்கப் போவோம். மற்றும்படி, செத்தவர்களின் சாம்பலைக் கரைக்கவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யவும்தான் போவோம். காற்று வாங்குவதற்காக அங்கே போய்த் தங்கும் வழக்கமே எங்களிடம் இல்லை. வெளியூரில் தங்குவதென்றால் சொந்தக்காரர் வீடு. காசு கொடுத்துப் பிறர் வீட்டில் படுத்தெழும்புவது, சொந்தத்துக்குள் ஆளில்லாதவர்கள் செய்கிற காரியம்.

ஐயா பிடித்த விடுதி கேணியிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. குருநகர்ப் பக்கத்திலிருந்து வந்த வேதக்கார அன்ரி ஒருவர், கிறிஸ்தவர், முன்பக்கத்து இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். அறையோடு மூன்று நேரச் சாப்பாடும் உண்டு. "சாப்பாட்டை விட்டிட்டு அறைக்கு மட்டும் சொல்லுங்கோ," என்று ஐயா கேட்டிருக்கிறார். "நாங்கள் சைவம்" என்பது அவர் சொன்ன காரணம். "புதுச் சட்டி வாங்கி, மரக்கறி தனியா வைச்சுத் தாறன் அண்ணை," என்று அன்ரி சொல்லியிருக்கிறார். "உங்களுக்கேன் கரைச்சல்," என்றிருக்கிறார் ஐயா. சைவம் என்பது வெளியில் சொன்ன காரணம். மீன்பிடிக்கிற கடற்கரைச் சனத்தின் கையால் எங்கள் ஆட்கள் சாப்பிடுவதில்லை என்பதுதான் உள்ளே இருந்தது. அது ஐயாவுக்கும் தெரியும், அன்ரிக்கும் தெரியும். அது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. இப்போதும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இதையெல்லாம் ஐயா வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். "நல்ல இடமப்பா. பின்பக்கம் விசாலமாக் கிடக்கு. அடுப்பு வைக்க வசதி."

அம்மா அரிசியைப் புடைக்கத் தொடங்கினாள்.

புறப்பட்ட காலை நடந்ததைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெளிக்கிட்டுப் போகிறவரைப் பார்த்து 'எங்கே போகிறீர்கள்' என்று எங்கள் ஊரில் கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் சரிவராது. அறியத்தான் வேண்டுமென்றால் 'தூரமோ' என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவர் விருப்பமென்றால் சொல்லலாம், இல்லையென்றால் 'ஓம், தூரந்தான்' என்று போய்க்கொண்டே இருக்கலாம். மரியாதையான ஏற்பாடுதான். ஆனால் அறியவேண்டிய மிச்சத்தை அயலவர் தங்கள் மூளையைக் கசக்கி நிரப்பிக்கொள்வார்கள்.

ஐயா லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்றைப் பின்னால் கொளுவிய பெட்டியோடு வாடகைக்குப் பிடித்திருந்தார். அதில் பானை சட்டியும் வாழைக்குலையும் ஏறின. முறுக்குப் போட வைத்திருந்த எள்ளுச் சுளகையும் அம்மா கடைசி நேரத்தில் தூக்கி வைத்தாள். ஐயா வெள்ளை வேட்டி கட்டிச் சால்வை போட்டிருந்தார். விடிகாலை. மூவரும் பெட்டிக்குள் பானைகளுக்கு நடுவில் குந்தியிருந்தோம். அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள். அயல்வீட்டு அக்கா படலையடிக்கு வந்தார்.

"தூரமோ?"

காசு கொடுத்துக் காற்று வாங்கப் போகிறோம் என்று சொல்ல ஐயாவுக்கு வெட்கம். தலையைக் குனிந்துகொண்டு, மெல்லிய குரலில், "ஓம். கீரிமலைப் பக்கம் ஒரு அலுவல்," என்றார்.

அக்காவின் முகம் கறுத்தது. வாழைக்குலையைப் பார்த்தார், எள்ளைப் பார்த்தார், வாயைப் பொத்தியிருந்த அம்மாவைப் பார்த்தார். "சரி, சரி. கவனமாப் போங்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டது. மெசின் இரைந்த இரைச்சலில் மறந்துபோனேன்.

விடுதி எனக்கு ஒரே நாளில் பிடித்துவிட்டது. யன்னலைத் திறந்தால் கடல். முருகைக்கல்லில் அலை வந்து மோதித் திரும்புவதைப் படுத்திருந்தே பார்க்கலாம். காற்று அறைக்குள் புகுந்து பாய் தலையணை எல்லாவற்றையும் மூலைக்குத் தள்ளும். முன்விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை கிடந்தது. ஐயா அதில் சாய்ந்தார். பிறகு சாப்பாட்டுக்கும் குளிப்புக்கும் மட்டும்தான் அதிலிருந்து எழும்பினார். "நல்ல காத்து," என்று அடிக்கடி சொன்னார். கடலைத் தானே வெட்டி விட்டவர் போன்ற முகம்.

அந்த நல்ல காற்றுப் பின்பக்கத்தில் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது. அம்மா கல்லை வைத்து நெருப்பு மூட்டினால் காற்று ஒரு சுற்றுச் சுற்றிப் புகை முழுவதையும் அவள் முகத்தில் கொண்டுவந்து கொட்டியது. இந்தப் பக்கம் திரும்பி இருந்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கம். கோப்பாய்க் குசினியில் புகைக்கு ஒரு வழியாவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை. அம்மா இருமி இருமிக் கண் சிவந்துபோனாள். அன்ரி தன் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உந்த அடுப்பை விட்டிட்டு வாங்கோவன். நான் ஒரு சோறும் கறியும் வைச்சுத் தாறன்."

"வேண்டாம் பிள்ளை. அவர் ஒரு மாதிரி."

"நீங்கள் இருமிறதைக் கேட்க எனக்கே நெஞ்சு நோகுது."

அம்மா சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்தது. அன்று முழுக்க அவள் கடலைப் பார்க்கவில்லை. காலைச் சமையல், மத்தியானச் சமையல், இடையில் சட்டி கழுவல், மீண்டும் இரவுச் சமையல். பின்பக்கத்து மதில் உயரம். கடலின் சத்தம் மட்டும்தான் வரும். எனக்கு ஐயாமேல் சரியான கோபம். ஆனால் அந்த வயதில் எங்கள் வீட்டில் கோபத்தைச் சோற்றோடு சேர்த்து விழுங்கவேண்டும்.

மறுநாள் மத்தியானத்துக்கு முன் ஐயா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கேணிக்குப் போனார். அம்மா உலை வைக்க அடுப்பில் பொச்சுமட்டையை அடுக்கினாள். நெருப்புப் பெட்டியை எடுத்தாள். அப்போது ஒழுங்கையில் ஒரு பெரிய அழுகைச் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வாடகைக் கார் ஒன்று, அதன் பின்னால் ஒரு மினிவான். காரிலிருந்து கொக்குவில் மாமி இறங்கிக்கொண்டிருந்தார். மாமி ஐயாவின் மூத்த அக்கா. கொண்டை அவிழ்ந்து கிடந்தது. "என்ரை அண்ணை! கடைசியா முகத்தைக்கூடக் காணேல்லையே," என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தார். வானிலிருந்து எங்களை ஏற்றிவந்த மெசின்காரரும் எங்கள் அயலவர் ஏழெட்டுப் பேரும் இறங்கினார்கள். எல்லோர் கையிலும் சாப்பாட்டுக் கரியர், தூக்குச் சட்டி, கடகம்.

அண்ணை என்றால் ஒருவர்தான். மலாயாவில் இருந்த பெரியப்பா. அந்தக் காலத்தில் ரயில்வே வேலைக்கென்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார். நான் அவரைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மாமி நேரே பின்பக்கம் போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தார். அம்மாவும் அழத் தொடங்கினாள். எங்கள் ஊரில் ஒருவர் கட்டிப்பிடித்து அழுதால் முதலில் சேர்ந்து அழவேண்டும். யார், எப்போது என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான். மாமியின் ஒப்பாரியிலிருந்து போனது பெரியப்பா என்று அம்மா விளங்கிக்கொண்டாள். நாங்கள் இங்கே வந்த பிறகு கோப்பாய்க்குச் செய்தி வந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அழுதுகொண்டே அம்மாவின் கை பழக்கத்தில் நெருப்புப் பெட்டிக்குப் போனது. இத்தனை பேருக்கும் தேத்தண்ணி வைக்க வேண்டுமே.

அயல்வீட்டு அக்கா அந்தப் பெட்டியைப் பறித்தார். ஊதுகுழலையும் பறித்துத் தூர வைத்தார். "என்ன செய்யிறியள்? செத்த வீட்டிலை அடுப்பு மூட்டுறதே? நாங்கள் எல்லாம் கொண்டு வந்திருக்கிறம். நீங்கள் பேசாமல் இருங்கோ."

அதுதான் எங்கள் வழக்கம். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அயலும் உறவும் சமைத்துக் கொண்டுவந்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் பிடித்து இருத்தித் தின்னப் பண்ணவேண்டும். அம்மாவை முன் அறைக்குக் கூட்டிப்போய்ப் பாயில் இருத்தினார்கள். யன்னல் திறந்திருந்தது. வாழையிலை போட்டுச் சோறு வைத்தார்கள். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அகத்தியிலை வறை, புளிக்குழம்பு. ஒருவர் விசிறினார். ஒருவர் தண்ணீர் ஊற்றினார். "ஒரு பிடி சாப்பிடுங்கோ. நேற்றிலையிருந்து வெறும் வயிறாத்தானே இருப்பியள்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பிடி சாப்பிட்டாள். பிறகு இன்னொரு பிடி. இடையில் யன்னலால் கடலைப் பார்த்தாள். வந்த பிறகு அவள் கடலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரியப்பாவுக்கு மரியாதை செய்கிற வேகத்தில் சாப்பிடத் தொடங்கியவள், இரண்டாம் முறை வறை போட்டபோது கையைக் குறுக்கே நீட்டவில்லை.

ஐயா வந்தது அப்போதுதான். நான் படலையடியில் நின்றதால் எல்லாம் பார்த்தேன். ஈர வேட்டியோடு ஒழுங்கை முடக்கில் திரும்பினார். காரைக் கண்டார், வானைக் கண்டார், விறாந்தையில் தலையைக் குனிந்துகொண்டிருந்த ஆம்பிளைகளைக் கண்டார். பிறகு வீட்டுக்குப் பின்பக்கமாக ஒரு பார்வை பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். துவாய் தோளிலிருந்து விழுந்தது. உள்ளேயிருந்து மாமியின் அழுகை கேட்டது.

அவர் ஓடி வந்தார். ஐயா ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எதிரே கை கூப்பியவர்களைத் தள்ளி விழுத்திக்கொண்டு, என்னைக் கண்டும் காணாதவர் போல, அறைக்குள் பாய்ந்தார். பெண்கள் சூழ்ந்திருந்த பாயடிக்குப் போய், "விடுங்கோ, விடுங்கோ, நான் ஒருக்காப் பாக்கவேணும்," என்று கத்தினார்.

சூழ்ந்திருந்தவர்கள் விலகினார்கள். பாயில் அம்மா இருந்தாள். கையில் சோற்றுக் கவளம். வாயிலும் கொஞ்சம்.

ஐயா அவள் முன்னால் முழந்தாளில் விழுந்தார். அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். அத்தனை பேருக்கு முன்னால், கேணித் தண்ணீர் சொட்டச் சொட்ட, குலுங்கிக் குலுங்கி அழுதார். எங்கள் சாதிசனத்துக்குள் ஒருவரும் மனைவியைப் பலர் முன்னிலையில் தொடமாட்டார்கள். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மாமி அவர் தோளைப் பிடித்தார். "அழாதை தம்பி. என்ன செய்யிறது. அண்ணைக்கு அவ்வளவுதான் விதி."

ஐயா தலையை நிமிர்த்தினார். "ஆருக்கு?"

"மலாயா அண்ணைக்கு."

"மலாயா அண்ணையோ?" என்றார் ஐயா. அவர் முகம் தெளிந்தது. "அண்ணைதானே," என்றார்.

மாமியின் அழுகை நடுவில் அறுந்துபோனது. உடன்பிறந்த அண்ணன் செத்ததற்கு ஒருவர் ஆறுதல் பெருமூச்சு விட்டதை எங்கள் சனம் அதற்கு முன் கேட்டிருக்காது. தான் என்ன சொன்னோம் என்று ஐயாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. சால்வையைத் தேடினார், சால்வை இல்லை. "எப்பவாம்? ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"ஆர் சொன்னதோ? நீதானே," என்றார் மாமி.

"நானோ?"

மாமி அயல்வீட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா உழவு மெசின்காரரைப் பார்த்தார். மெசின்காரர் கூரையைப் பார்த்தார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கீரிமலையில் அலுவல் என்றால் என்ன அலுவல் இருக்கமுடியும்? எள்ளும் வாழைப்பழமும் வேறு. வீட்டில் மூன்று பேரும் உயிரோடு பெட்டிக்குள் இருந்தார்கள். கொக்குவிலுக்கு ஆள் விட்டுப் பார்த்ததில் மாமி வீட்டிலும் எல்லோரும் சுகம். மிஞ்சியிருந்தது மலாயாப் பெரியப்பா மட்டும். மெசின்காரர் தன் பங்குக்கு, "மடத்திலை தங்காமல் வேதக்காரர் வீட்டிலை இறங்கினவை. சாவுத் துடக்கு எண்டு மடத்திலை இடம் குடுக்கேல்லைப் போலை," என்று சொல்லியிருக்கிறார். அதோடு சந்தேகம் தீர்ந்துவிட்டது. ஒருவர்கூட எங்களிடம் நேரே கேட்கவில்லை. கேட்பது மரியாதையில்லை.

"அப்ப உண்மையிலை நீங்கள் இஞ்சை என்னத்துக்கு வந்தனீங்கள்?" என்றார் மாமி.

ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காத்து வாங்க."

மாமிக்கு வந்த கோபம் சின்னக் கோபமல்ல. கொக்குவிலிலிருந்து அழுதுகொண்டே வந்தவர். வரும் வழியில் அண்ணனோடு கோபமாக இருந்த பழைய காணிச் சண்டையைக்கூட மன்னித்துவிட்டாராம். அதை இனி எப்படித் திருப்பி எடுப்பது? "எனக்கு இப்ப தலையிடிக்குது," என்று சொல்லிவிட்டு, கொண்டையை முடிந்துகொண்டு, தானும் ஒரு வாழையிலையை எடுத்துப் போட்டார். ஒருவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எல்லோருக்கும் வந்தது. கொண்டுவந்த சோறு அத்தனையையும் எல்லோரும் இருந்து சாப்பிட்டோம். பின்னேரம் கேணியில் போய் முழுகினார்கள். செத்த வீட்டிலிருந்து போகும்போது 'போட்டு வாறம்', அதாவது போய்வருகிறோம் என்று சொல்லக்கூடாது. அன்றைக்கு வானில் ஏறிய ஒவ்வொருவரும் அதை இரண்டு மூன்று தடவை உரக்கச் சொன்னார்கள்.

அவர்கள் போன பிறகு ஐயா சாய்மனைக் கதிரைக்குப் போகவில்லை. பின்பக்கம் போய் அடுப்புக் கல்லு மூன்றையும் தூக்கி மதிலுக்கு வெளியே போட்டார். பிறகு அன்ரியின் குசினி வாசலில் போய் நின்றார். அந்த வாசலில் நிற்க அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

"தங்கச்சி, புதுச் சட்டி வாங்குறதெண்டு சொன்னனீங்கள்."

"ஓம் அண்ணை."

"எங்களுக்கும் சேர்த்து வைப்பியளோ? நாங்கள் நிக்கிற மட்டும்."

அன்ரி பழசை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், நானென்றால் நன்றாக நாலு கேட்டிருப்பேன். "அக்காவுக்கு உறைப்புக் குறைச்சுப் போடுறன்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை அம்மா கடலோரத்துக் கல்லில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். அன்ரி அவித்த இடியப்பமும் சொதியும் ஒரு கோப்பையில் வந்தன. ஐயாதான் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். நான் கொஞ்சம் தள்ளி இருந்து கால் நனைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சாப்பிட்டாள். அன்று காலை முழுக்க அவள் இரண்டொரு தடவைதான் இருமினாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "நேற்று நான்தான் செத்துப்போனனெண்டு நினைச்சனீங்களோ?"

"ஓம்."

"அதெப்பிடி? கார் நிண்டால், சனம் நிண்டால் ஆராயும் இருக்கலாம்தானே. ஏன் நானெண்டு நினைச்சனீங்கள்?"

ஐயா கடலைப் பார்த்தார்.

"பின்பக்கத்தைப் பாத்தன்," என்றார். "மத்தியானமாப் போச்சு, புகையைக் காணேல்லை. நீர் இருந்தால் புகை வருமே."

அம்மா கோப்பையை மடியில் வைத்தாள். ஒரு அலை வந்து கல்லில் மோதி அவள் சேலைக் கரையை நனைத்துவிட்டுப் போனது. அவள் காலை இழுக்கவில்லை. கோபித்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரலில் கோபமில்லை.

"புகை இல்லாட்டிலும் நான் இருப்பன்," என்றாள். "உள்ளை வந்து பாருங்கோ."

ஐயா "ஓம்" என்றார்.